எக்ஸ்பி ஆட்சிக்காலம்: சிறு குறிப்பு வரைக

பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் எந்த மன்னர் வந்தாலும் நாலு தலைப்புதான்: ஆட்சிக்கு வந்த விதம், சீர்திருத்தங்கள், அயல்நாட்டு உறவுகள், வீழ்ச்சிக்கான காரணங்கள். அக்பரானாலும் அவுரங்கசீப்பானாலும் ஐந்து மதிப்பெண்ணுக்குள் அடங்கியாக வேண்டும். அடங்க மறுக்கும் ஒரே ஆட்சி விண்டோஸ் எக்ஸ்பியுடையது. முதல் மூன்று தலைப்புக்கும் மளமளவென்று எழுதித் தள்ளிவிடலாம். நாலாவதில்தான் சிக்கல். வீழ்ந்த தேதி 2014 ஏப்ரல் 8 என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து அறையில் அது பூட் ஆகித் தன் வரவேற்பு இசையை வாசிக்கிறது.

இருந்தாலும் கேள்வி கேட்டுவிட்டார்கள். எழுதித்தானே ஆக வேண்டும்.

ஆட்சிக்கு வந்த விதம்

வம்சத்தின் மூலபுருஷர் டாஸ். 1980இல் சியாட்டிலில் டிம் பேட்டர்சன் என்பவர் அவசரத்துக்கு எழுதியது. முதலில் வைத்த பெயர் க்யூடாஸ். அதாவது 'குவிக் அண்ட் டர்ட்டி ஆப்பரேட்டிங் சிஸ்டம்'. பெற்றவரே பிள்ளைக்கு இப்படிப் பெயர் வைத்தார் என்றால் பிள்ளையின் லட்சணத்தை ஊகித்துக்கொள்ளலாம். பில் கேட்ஸின் நிறுவனம் அதை இரண்டு தவணையாக, மொத்தம் 75,000 டாலருக்கு வாங்கி, தூசி தட்டி ஐபிஎம்முக்குக் கொடுத்தது. அதற்குப் பிறகு வீட்டுக் கணினிகளில் வந்த விண்டோஸ் எல்லாம், 20 வருடத்துக்குக் கிட்டத்தட்ட, அந்த அழுக்குச் சுவரில் ஜன்னல் வைத்து வெள்ளையடித்த கதைதான்.

இந்த வம்சத்தில் 95 வந்தார், 98 வந்தார். 98இன் முடிசூட்டு ஒத்திகை 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில் நடந்தது. மேடையில் பில் கேட்ஸ். பக்கத்தில் இருந்தவர் ஒரு ஸ்கேனரின் வயரைச் சொருகினார். திரை முழுக்க நீலம். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. இதனால்தான் இன்னும் இதை விற்பனைக்கு விடவில்லை போலிருக்கிறது என்று கேட்ஸ் சமாளித்தார். இரண்டே மாதத்தில் விற்பனைக்கும் விட்டார்.

95, 98 இரண்டுக்கும் இன்னொரு குணம் உண்டு. கணினி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதை மில்லி நொடிக் கணக்கில் குறித்துவைக்கும் எண் ஒன்று உள்ளே இருந்தது. 49 நாளும் 17 மணி நேரமும் ஆனால் அந்த எண் நிரம்பி வழியும், கணினி உறைந்துபோகும். 95 வெளிவந்தது 1995இல். இந்தப் பிழை வெளிச்சத்துக்கு வந்தது 1999இல். நாலு வருடம் யாருக்குமே தெரியாமல் போனது எப்படி என்று கேட்கக் கூடாது. விண்டோஸ் 95 ஐம்பது நாள் நிற்காமல் ஓடிய இடம் ஒன்று இருந்திருந்தால்தானே தெரிவதற்கு?

2000இல் மில்லேனியம் எடிஷன் என்றொருவர் வந்தார். அவரைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதில்லை. நாமும் தாண்டிவிடுவோம்.

கடைசியில் 2001 அக்டோபர் 25 அன்று நியூயார்க்கில் எக்ஸ்பிக்கு முடிசூட்டினார்கள். இவர் டாஸின் நேர் வாரிசு இல்லை. பெரிய அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருந்த என்டி என்ற கிளையிலிருந்து தத்து எடுக்கப்பட்டவர். வீட்டுக் கணினிக்கு முதல் தடவையாக, காலையில் போட்டால் சாயங்காலம் வரை நிற்கும் ஒரு விண்டோஸ் கிடைத்தது. ஜனங்கள் கேட்டதும் அவ்வளவுதான். கேட்டது கிடைத்துவிட்டால் நம்மவர்கள் அதற்குமேல் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பதை மைக்ரோசாஃப்ட் அப்போது யோசிக்கவில்லை.

சீர்திருத்தங்கள்

அசோகர் சாலையோரம் மரம் நட்டார். எக்ஸ்பி புல் நட்டது.

அந்தப் பச்சைக் குன்றும் நீல வானமும் கிராஃபிக்ஸ் என்று இன்றும் சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அசல் புகைப்படம் அது. 1996 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சொனோமா மாவட்டத்தில் சார்லஸ் ஓ'ரியர் எடுத்தது. காதலியைப் பார்க்கக் காரில் போய்க்கொண்டிருந்தவர், வழியில் இறங்கி ஃபிலிமில் எடுத்தார். அங்கே முன்பு திராட்சைத் தோட்டம் இருந்தது. ஃபிலாக்சரா என்ற பூச்சி கொடிகளின் வேரை அரித்துவிட, எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்த இடத்தில் முளைத்த புல்தான் அது. பூச்சி தின்று தீர்த்த தோட்டத்தைத் தன் முகப்பில் மாட்டிக்கொண்டு எக்ஸ்பி பதவியேற்றது. பின்னாளில் பென் டிரைவ் வழியாக அதற்குள் போன பூச்சிகளை நினைத்தால் படத்தேர்வைக் குறைசொல்ல வழியில்லை.

தேடுதல் துறையில் நாய் நியமிக்கப்பட்டது. பெயர் ரோவர். ஃபைல் காணோம் என்றால் திரையின் ஓரத்தில் உட்கார்ந்து வாலாட்டும், புத்தகத்தைப் புரட்டும். ஃபைல் கிடைத்ததா என்பது வேறு விஷயம். தேடுகிறார்கள் என்ற காட்சியாவது கண்முன் நடந்தது. ரெக்கார்டு ரூமில் அதுகூட நடக்காது.

நிதித்துறையில்தான் பெரிய சீர்திருத்தம். ஒரு சிடியை வாங்கித் தெரு முழுக்கப் போட்டுக்கொள்வதைத் தடுக்க, 'ஆக்டிவேஷன்' என்றொரு கப்பம் விதித்தார்கள். சாவி எண் போட வேண்டும், கம்பெனியிடம் பதிய வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் பதிவு தேவைப்படாத தனிச் சாவி. முடிசூட்டு விழாவுக்குச் சில வாரங்கள் முன்பே அந்தத் தனிச் சாவி ஒன்று வெளியே வந்துவிட்டது. எஃப், சி, கே, ஜி, டபிள்யூ என்று தொடங்கும் அந்த 25 எழுத்தைச் சொந்த ரேஷன் கார்டு எண் தெரியாதவர்கள்கூட மனப்பாடமாகச் சொன்னார்கள். சென்னை ரிச்சி தெருவிலிருந்து கன்னியாகுமரி வரை, கணினி அசெம்பிள் செய்து தந்த தம்பிகள் எல்லாரும் வெள்ளை சிடியின் மேல் மார்க்கரால் 'எக்ஸ்பி' என்று எழுதி, உறையில் அந்த எண்ணையும் எழுதிவைத்திருந்தார்கள்.

இதைக் கண்டுபிடித்த மைக்ரோசாஃப்ட், சில ஆண்டுகள் கழித்து, திருட்டுப் பிரதிகளின் திரையைக் கறுப்பாக்கி, 'நீங்கள் போலி மென்பொருளுக்குப் பலியாகியிருக்கலாம்' என்று அறிவிப்புப் போட்டது. பலியான ஜனங்கள் பதறிப்போய்த் தம்பியைக் கூப்பிட்டார்கள். தம்பி வந்தார். கறுப்பு போயிற்று, புல் வந்தது. வந்தவர் சும்மா போகாமல், வெறும் இடத்தில் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ் என்று மூன்று தட்டுத் தட்டி, "இப்ப ஃபாஸ்ட்டா இருக்கும் பாருங்க சார்" என்றார். அந்த ரெஃப்ரெஷால் கணினி வேகமாவதில்லை; ஐகான்களை ஒருதடவை மறுபடி வரைகிறது, அவ்வளவுதான். ஆனால் கணினியைத் தொடும் முன் மூன்று ரெஃப்ரெஷ் என்ற ஆசாரம் அன்றைக்கு நிலைபெற்றது. இன்றும் அதை மீறத் துணிந்தவர்கள் குறைவு.

அயல்நாட்டு உறவுகள்

எக்ஸ்பியின் ராஜ்ஜியம் எதுவரை பரவியிருந்தது என்பது அதற்கு நாள் குறித்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. 2014இல் உலகத்து ஏடிஎம்களில் 95 சதவீதம் எக்ஸ்பியில் ஓடுவதாகத் துறைக்காரர்கள் கணக்குச் சொன்னார்கள். தேதி முடிந்த மருந்தைக் கடையில் கொடுத்தால் சண்டைக்குப் போகிற நாம், தேதி முடிந்த எக்ஸ்பியிடம் பின் நம்பரைச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டிருந்தோம்.

பிரிட்டன் அரசு இன்னும் ஒரே ஒரு வருடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி மைக்ரோசாஃப்ட்டிடம் சுமார் 55 லட்சம் பவுண்டு கட்டியது. அடுத்த வருடம் அமெரிக்கக் கடற்படை 91 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. சாவி எண்ணைத் தெருவில் வாங்கிய நமக்கும் முறையாகப் பணம் கட்டிய அவர்களுக்கும் கிடைத்தது அதே புல்தான் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் மேலாக, 2017இல் பிரிட்டன் தன் புத்தம்புதிய விமானந்தாங்கிக் கப்பலான எச்.எம்.எஸ். குயின் எலிசபெத்தைப் பத்திரிகையாளர்களுக்குச் சுற்றிக்காட்டியது. பிரிட்டன் கடற்படை வரலாற்றிலேயே பெரிய கப்பல், ராணியின் பெயர் வேறு. போன நிருபர்கள் கட்டுப்பாட்டு அறையில் ஒரு திரையைப் பார்த்தார்கள். எக்ஸ்பி.

சமகாலச் சிற்றரசுகள்

எக்ஸ்பியை மட்டும் கிழவர் என்று கேலி பேசுவது நியாயமில்லை. அதே காலத்தில் அதற்கும் மூத்தவர்கள் ஆங்காங்கே கோட்டை கட்டி ஆண்டுகொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ரேப்பிட்ஸ் என்ற ஊர். அங்கே 19 பள்ளிக்கூடங்களின் குளிர், வெப்பம் எல்லாவற்றையும் ஒரே ஒரு கமோடோர் அமிகா கணினி கவனித்துக்கொண்டிருந்தது. 1980களில் வாங்கியது. புரோகிராம் எழுதியது அப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன். 2015இல் இந்தச் செய்தி வெளியானபோதும் அது இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. மக்கர் செய்தால் அந்தப் பையனைத்தான் கூப்பிடுவார்கள். அவர் நடுவயதுக்காரராகி அதே பகுதியில் இருந்தார். அமிகா பள்ளிகளோடு பேசுவது ரேடியோ வழியாக. அந்த அலைவரிசையும் பராமரிப்பு ஊழியர்களின் வாக்கி டாக்கி அலைவரிசையும் ஒன்று. ஆகவே இரு தரப்பும் மோதிக்கொண்டால், 'கொஞ்சம் பேசாமல் இருங்கப்பா, கம்ப்யூட்டர் பேசுகிறது' என்று கால் மணி நேரம் வரை மனிதர்களை வாய்மூட வைப்பார்கள். பள்ளிப் பையன் எழுதித் தந்ததை மாற்றப் பெரியவர்கள் போட்ட மதிப்பீடு 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் டாலர்.

பாரிஸின் ஓர்லி விமான நிலையம் இன்னொரு சமஸ்தானம். 2015 நவம்பர் 7 அன்று பனிமூட்டம். ஓடுபாதை எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று விமானிகளுக்குச் சொல்ல வேண்டிய கணினி படுத்துவிட்டது. விமானங்கள் தரையில் நின்றன. என்ன ஏது என்று பார்த்தால் உள்ளே விண்டோஸ் 3.1. அது பிறந்தது 1992இல். பனி இல்லாத நாட்களில் அதை யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எல்லாருக்கும் மூத்தவர் அமெரிக்க அணு ஆயுதக் கட்டளை அமைப்பு. 1970களின் ஐபிஎம் கணினி, அதில் சொருக 8 அங்குல ஃப்ளாப்பி. இந்த ஃப்ளாப்பியை 2019 வரை விடவில்லை. சிரிப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்: இணையமே எட்டிப் பார்க்காத அந்தக் கணினிக்குள் திருடன் நுழைய வேண்டுமானால் முதலில் 8 அங்குல ஃப்ளாப்பி தேடி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

உள்நாட்டு நிர்வாகம்

நம் ஊர் அரசுப் பள்ளிக் கணினி அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே மானிட்டர் ஒவ்வொன்றுக்கும் துணி உறை, போன ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருக்கும். சாவி ஆசிரியரிடம். மாணவர்கள் நாலு பேருக்கு ஒரு கணினி: ஒருவன் தட்டுவான், ஒருவன் மவுஸ், மற்ற இருவர் தரிசனம். திரையில் டர்போ சி++. போர்லாண்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் டாஸுக்காகச் செய்தது. சி++ மொழிக்கு 1998இல் உலகத் தரம் வகுத்து, டர்போவில் எழுதுகிற பாணியையே மாற்றிவிட்டார்கள். அந்தச் செய்தி நம் லேபுகளுக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் ஆசிரியரும் நீலத் திரையைத்தான் எதிர்பார்த்தார். 64 பிட் விண்டோஸ் வந்து, இந்த 16 பிட் கிழத்தை ஓட்ட முடியாது என்று கைவிரித்தபோது என்ன செய்தோம்? பழைய டாஸ் விளையாட்டுகளை ஆடுவதற்காக எவரோ உருவாக்கிய டாஸ்பாக்ஸைக் கொண்டுவந்து, அதற்குள் டர்போவைக் குடிவைத்தோம். புதுக் கணினிக்குள் பழைய கணினி. பாடத்திட்டம் தப்பித்தது.

அலுவலகங்களின் கதை இதைவிடச் சுவையானது. 'எக்ஸ்பியை மாற்ற ஒரு நாள் போதும்' என்று சொல்கிறவர்கள் எல்லாம் எக்ஸ்பியை மட்டும் பார்த்தவர்கள். மேஜையின் பின்பக்கம் குனிந்து பார்க்க வேண்டும். அங்கே தடித்த வயர் ஒன்று போகும், 25 பின் உள்ள பேரலல் போர்ட்டிலிருந்து. அதன் மறுமுனையில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அது ஊசியால் குத்தி அடிப்பதால்தான் கார்பன் வைத்த மூன்று பிரதியும் ஒரே அடியில் விழும். லேசர் பிரிண்டர் மேல் தாளைத் தாண்டாது. மூன்று பிரதி வேண்டும் என்பது விதி. விதிக்குப் பிரிண்டர், பிரிண்டருக்குப் போர்ட், போர்ட்டுக்குப் பழைய கணினி, பழைய கணினிக்கு எக்ஸ்பி. இதில் எக்ஸ்பியை உருவினால் விதிதான் முதலில் விழும். விதியைத் திருத்தும் அதிகாரம் கணினியை மாற்ற வந்தவரிடம் கிடையாது.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உள்ள டிடிபி சென்டருக்குள்ளும் ஒரு நடை போய்வருவோம். எழுத்து அழிந்துபோன டிவிஎஸ் கோல்டு கீபோர்டு, அடோபி 2001இல் வெளியிட்டதோடு கைகழுவிய பேஜ்மேக்கர் 7, மென்பொருளைத் திறக்கப் பின்பக்கப் போர்ட்டில் சொருகும் டாங்கிள், பாமினி ஃபான்ட். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில்தான். பாமினியில் அடித்த ஃபைலை அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனால் ஆணைக்கு முன் அடித்த ஃபைல்கள் ஆணையைப் படிப்பதில்லை. சர்வீஸுக்கு வரும் தம்பிக்கும் கடைக்காரருக்கும் வழக்கமாக நடக்கும் பேச்சு இது:

"அண்ணே, இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமே."

"வாங்கலாம் தம்பி. இந்த டாங்கிளை எதுல சொருகுறது?"

"புதுசுல அந்த போர்ட்டே கிடையாதுண்ணே."

"பேஜ்மேக்கர்?"

"அது வேணாம்ணே, இன்டிசைன் போட்டுத் தரேன்."

"பதினஞ்சு வருசத்துப் பத்திரிகை ஃபைல் எல்லாம் அப்படியே தொறக்குமா?"

"..."

"டீ சொல்லியிருக்கேன், குடிச்சிட்டுப் போ."

கடைக்காரருக்கு எக்ஸ்பி மேல் காதல் ஒன்றும் இல்லை. மூத்த மகள் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையில் பேரை மட்டும் மாற்றி இளையவளுக்கு அடிக்கச் சொல்லி ஒரு குடும்பம் நாளைக்கு வரும். அந்தக் குடும்பத்துக்காக அவர் எக்ஸ்பியை வைத்திருக்கிறார். அமிகாவும் ஓர்லியும் எச்.எம்.எஸ். குயின் எலிசபெத்தும் அவருக்குச் சொந்தக்காரர்கள்தான்.

மாற்று யோசனையும் வராமல் இல்லை. அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வந்தது. 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு அதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எக்ஸ்பிக்கு நாள் நெருங்கியபோது துறைகளை இதற்கு மாறச் சொல்லி அரசும் அறிவுறுத்தியது. செலவில்லாதது, நம் ஊரில் செய்தது, வைரஸ் தொல்லை குறைவு. ஒரே குறை பெயர். பாஸ் என்று பெயர் வைத்துவிட்டு அலுவலகத்தில் எல்லாரும் விரும்பி அழைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது அதிகம்.

வீழ்ச்சிக்கான காரணங்கள்

முதல் காரணமாக இருந்திருக்க வேண்டியவர் அடுத்த வாரிசான விண்டோஸ் விஸ்டா. ஐந்து வருடத்துக்கு மேல் செதுக்கி 2007 ஜனவரியில் இறக்கினார்கள். அழகுதான். இருந்த கணினிகளால்தான் அதைத் தூக்க முடியவில்லை. 'எக்ஸ்பியை நிறுத்தாதே' என்று 2008இல் எழுந்த மனுவில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். விஸ்டாவின் உயர்ரகப் பதிப்பை வாங்கியவர்களுக்கு எக்ஸ்பிக்கு இறங்கிக்கொள்ளும் உரிமையும் தரப்பட்டது. புதியதற்குப் பணம் கட்டிப் பழையதை வாங்கிப்போன வாடிக்கையாளர்களை அந்த வருடம் உலகம் பார்த்தது.

ஆக, 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்குக் கருமாதி. இனி மருந்து கிடையாது என்று அறிவித்தார்கள். மூன்றே வாரம். 2014 மே 1 அன்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒரு ஓட்டை என்று எக்ஸ்பிக்கும் மருந்து கொடுத்தார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை வந்தபோது மறுபடி கொடுத்தார்கள். 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டைக்காக இன்னொரு முறை. ஊரறிந்த இந்த மூன்றுமே மே மாதத்தில். கத்திரி வெயிலில் வயசானவர்களுக்குத்தான் கிறுகிறுப்பு வரும்.

வான்னாக்ரையின்போது நிஜமாகவே வந்தது. அமெரிக்க உளவு அமைப்பிடமிருந்து கசிந்த ஆயுதத்தை வைத்து எவரோ செய்த அந்த வைரஸ், 2017 மே 12 அன்று உலகெங்கும் கணினிகளைப் பூட்டி 300 டாலர் கேட்டது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. எல்லாருடைய விரலும் எக்ஸ்பியை நோக்கி நீண்டது. புழுதி அடங்கி எண்ணிப் பார்த்தால், பாதிக்கப்பட்டவற்றில் 98 சதவீதம் விண்டோஸ் 7. எக்ஸ்பி எப்படித் தப்பித்தது என்று ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது, வைரஸ் கையை வைத்ததுமே அது நீலத்திரை காட்டி மயங்கி விழுந்தது தெரிந்தது. பூட்டுப் போட வந்தவனுக்குப் பூட்ட ஆள் இல்லை. சிகாகோ மேடையில் குடும்பத்தின் மானத்தை வாங்கிய அதே நீலம், இங்கே மானத்தைக் காப்பாற்றியது.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் வங்கிகளுக்குத் தவணை போட்டுக் கொடுத்தது: செப்டம்பருக்குள் கால்வாசி ஏடிஎம், டிசம்பருக்குள் பாதி, 2019 ஜூனுக்குள் முழுக்க எக்ஸ்பியை மாற்ற வேண்டும். ஆட்சி முடிந்து ஐந்து வருடத்துக்குப் பிறகு, சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானங்களை இணைத்த மாதிரி, ஒவ்வொன்றாகக் கையெழுத்து வாங்கினார்கள். ஏடிஎம்களுக்கு ரிசர்வ் வங்கி இருந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு யார் இருக்கிறார்கள்?

இதோ அடுத்த அத்தியாயம் அச்சாகிக்கொண்டிருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10இன் காலமும் முடிந்தது. நல்ல நிலையில் ஓடும் எத்தனையோ கணினிகளை, உள்ளே உரிய சிப் இல்லை என்று சொல்லி 11 சேர்த்துக்கொள்வதில்லை. மூன்றாம் பிரதி கேட்கும் விதி அப்படியே இருக்கிறது, டாங்கிளும் இருக்கிறது, இளையவளுக்கு அடுத்தவளும் இருக்கிறாள். மேலும், 'விண்டோஸ் 10தான் கடைசி விண்டோஸ்' என்று 2015இல் மைக்ரோசாஃப்ட்காரர் ஒருவரே மேடையேறிச் சொல்லியிருக்கிறார். சொன்ன கம்பெனி அதை மறந்து 2021இல் 11ஐ இறக்கியது. நம் அலுவலகங்கள் மறக்கவில்லை.